பெயர் கூறாத ஒலிபரப்புகள்



நள்ளிரவில் வானொலிப் பெட்டியின் முன்னே அமர்ந்து, சிற்றலை வரிசையிற் குமிழை மெல்லத் திருகித் தூரதேசத்துக் குரல்களைத் தேடிய அனுபவம் உங்களுட் பலருக்கு இருக்கலாம். புதிய நிலையம் ஒன்று அகப்பட்டதும், அதன் பெயர் யாது, அது எந்நாட்டுக்குரியது என்று அறியும் அவா எழும். மணி அடிக்கும்வரை காத்திருப்போம். மணிக்கு மணி தம் பெயரைக் கூறுவது நிலையங்களின் மரபு; ஆகலின் பொறுமையோடு காத்திருந்தவர் ஏமாறுவது அரிது. கேட்டவற்றை நேரத்தோடு குறித்துக் கடிதம் எழுதினால், நாம் கேட்டது அந்நிலையத்தையே என்று உறுதி கூறும் அட்டை ஒன்று சில வாரங்களில் தபாலில் வந்து சேரும். நமது இலங்கை வானொலியும், 1967ஆம் ஆண்டிற் கூட்டுத்தாபனமாக மாறுவதற்கு முன்பிருந்தே, பிறநாட்டு நேயர்களுக்கு இத்தகைய அட்டைகளை அனுப்பிய நிலையமாகும்.

எனினும், அக்காலத்திலும் பெயர் கூறாத நிலையங்கள் இருந்தன. 4625 கிலோஹேர்ட்சில் ஒலிக்கும் ஒரு நிலையம் பல பத்தாண்டுகளாக ஒரு முரலொலியையே இடைவிடாது எழுப்பி வருகின்றது. எப்போதாவது ஒரு குரல் உருசிய மொழியிற் சில பெயர்களையும் எண்களையும் வாசித்துவிட்டு மறைந்துவிடும். இன்னொன்று, ஆங்கில நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டை இசைத்துவிட்டு, ஐந்தைந்து இலக்கங்களாக எண்களை வாசித்துக்கொண்டிருந்தது. அது 2008ஆம் ஆண்டில் ஓய்ந்தது. ஆயினும் அந்நிலையம் ஒலித்த காலத்திலேயே, அதன் அலைகள் சைப்பிரசுத் தீவிலிருந்து எழுகின்றன என்று ஆர்வலர்கள் கண்டுவிட்டனர். இஃது எவ்வாறு இயன்றது? வானலைக்குத் திசை உண்டு. வளைய வடிவான ஏரியலைத் திருப்பிப் பார்த்தால் அலை எத்திசையிலிருந்து வருகின்றது என்பது புலனாகும். வெவ்வேறு ஊர்களிலுள்ள இருவர் தத்தமக்குப் புலப்பட்ட திசையைத் தேசப்படத்திற் கோடாக வரைவாராயின், அக்கோடுகள் சந்திக்கும் இடமே நிலையத்தின் இடமாகும்.

இனி, இன்றைய பேச்சின் பொருளுக்கு வருவோம். இணையத்தின் வழியே ஒலிக்கும் வானொலிகள் இப்போது பல்லாயிரம் உள. அவற்றுட் சில தம் பெயரைக் கூறுவதில்லை, ஊரைக் கூறுவதில்லை. திசை காட்டும் ஏரியல் இங்கே பயன்படாது. ஏனெனில் கம்பிவழி வரும் ஒலிக்குத் திசை இல்லை. அவ்வாறாயின், இவற்றின் பிறப்பிடத்தை அறிவது எங்ஙனம்? அறிந்ததைச் சொல்வதில் நாம் எத்துணை எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்? இவ்விரண்டு வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

முதலில் இணைய வானொலியின் அமைப்பை அறிதல் நலம். ஒருவர் தமது அறையில் இருந்தபடி, பேச்சையும் இசையையும் கணினி வழியே சுருக்கி, வேறோரிடத்திலுள்ள சேவையகம் என்னும் பொதுக் கணினிக்கு அனுப்புகின்றார். கேட்க விரும்புவோர் அச்சேவையகத்தை அணுக, அஃது ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியைத் தனித்தனியே வழங்குகின்றது. வானலையில் ஒரு முறை வீசப்பட்ட ஒலியை ஆயிரம் பேரும் பிடித்துக்கொள்வர். இணையத்திலோ ஆயிரம் பேருக்கு ஆயிரம் பிரதிகள் செல்லவேண்டும். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் கேட்பது சேவையகத்தை, பேசுபவர் இருப்பது பிறிதோர் இடம்.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் கார்ல் மலமுட் என்பார் இணையத்துக்கெனவே பேச்சு நிகழ்ச்சிகளைத் தயாரித்து வெளியிட்டார். 1994ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், வட கரோலினா மாநிலத்துச் சப்பல் ஹில் என்னும் ஊரின் மாணவர் வானொலி, தன் ஒலிபரப்பை இணையத்திலும் வழங்கத் தொடங்கியது. இவ்வகையில் அது முன்னோடி நிலையங்களுள் ஒன்று. 1999ஆம் ஆண்டளவில், தனிமனிதர் எவரும் செலவின்றி நிலையம் நடத்துதற்கேற்ற மென்பொருள்கள் பரவலாயின. அன்று தொட்டு நிலையம் தொடங்குதற்கு உயர்ந்த கோபுரமும் வேண்டியதில்லை. பெரும் பொருளும் வேண்டியதில்லை. ஒரு கணினியும், ஓர் ஒலிவாங்கியும், சொல்வதற்கு ஏதேனும் ஒன்றும் இருந்தாற் போதும்.

பெயரற்ற நிலையங்கள் பிறந்ததும் இவ்வெளிமையாலேயே. அம்மென்பொருள்கள் நிலையத்தின் பெயரை எழுதுவதற்கென ஓரிடத்தை ஒதுக்கியுள்ளன. நடத்துபவர் அங்கே விரும்பியதை எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதாதுவிட்டால், மென்பொருளிற் முன்னரே பொறிக்கப்பட்ட 'பெயர் இல்லை' என்பது போன்ற வாசகமே எஞ்சிநிற்கும். சிலர் மறதியால் விட்டவர். சிலர் ஒரு நாட் சோதனைக்கெனத் தொடங்கி நிறுத்த மறந்தவர். சிலர் பிறிதொரு நிலையத்தை அப்படியே அஞ்சல் செய்பவர். வேறு சிலர் வேண்டுமென்றே தம்மை மறைத்துக்கொள்பவர். இந்நால்வகையினரையும் வெளியிலிருந்து நோக்குவார்க்கு வேறுபாடு தெரிவதில்லை.

2016ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் உருவான 'ரேடியோ கார்டன்' என்னும் தளம், பூகோளத்தின் மீது பச்சைப் புள்ளிகளாக நிலையங்களைக் காட்டுகின்றது. விரலாற் பூமியை உருட்டி, வேண்டிய ஊரைத் தொட்டதும் அவ்வூர் வானொலி ஒலிக்கின்றது. ஆனால், ஊர் தெரிந்த நிலையத்துக்கே அங்கே புள்ளியிட முடியும். ஊர் அறியாத நிலையத்தைத் தேடுவோர் வேறு வழிகளை நாடவேண்டும்.

முதல் வழி, சேவையகத்தின் எண்ணை நோக்குவது. இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலாகிய முகவரி உண்டு. உலகத்தை ஐந்து வலயங்களாகப் பிரித்து, அவ்வெண்களைப் பகிர்ந்தளிக்கும் ஐந்து பதிவகங்கள் இருக்கின்றன. ஓர் எண் எந்த நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது என்பதை அப்பதிவகங்களின் ஏட்டில் எவரும் பார்க்கலாம். ஆனால் அங்கே காணப்படுவது பெரும்பாலும் கணினிகளை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பெயரே. ஜேர்மனியில் வாடகைக்கு எடுத்த கணினி வழியே ஆபிரிக்காவிலிருந்து ஒருவர் பேசலாம். ஆகவே இவ்வழி காட்டுவது தபாற் கந்தோரையேயன்றிக் கடிதம் எழுதியவரின் வீட்டையன்று.

இரண்டாம் வழி, தூரத்தைக் காலத்தால் அளப்பது. ஒளிநார் வடத்தில் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஒரு மில்லிசெக்கனில் 200 கிலோமீற்றர். நாம் அனுப்பிய சிறு செய்தியொன்று சேவையகத்தைத் தொட்டு 30 மில்லிசெக்கனில் மீளுமாயின், போக்குக்கு 15, வரவுக்கு 15 எனக் கொண்டு, அச்சேவையகம் 3000 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்க இயலாது எனத் துணியலாம். இது மறுக்கவொண்ணாத சான்று. ஏனெனில் ஒளியை விரைவுபடுத்துவார் எவருமிலர். ஆயினும் இதுவும் சேவையகத்தின் தூரமேயன்றிப் பேசுபவரின் தூரம் அன்று.

மூன்றாவது வழி செவியே. பழைய நேயர்களின் வழியும் இதுவே, மேலானதும் இதுவே. இதனை என் அனுபவம் ஒன்றால் விளக்குகின்றேன்.

ஒரு மார்கழி மாதத்திற் பெயரில்லாத ஒலியோடை ஒன்று எனக்கு அகப்பட்டது. சேவையகத்தின் எண் ஜேர்மனியைக் காட்டியது. இசை இனிமையாக இருந்தது, மொழி விளங்கவில்லை. ஜேர்மனிய நிலையம் என்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் ஒரு தளபாடக் கடையின் விளம்பரம் கேட்டது. அதில் 'கதேய்ரா' என்றும் 'மேசா' என்றும் சொற்கள் வரக்கேட்டுத் திடுக்கிட்டேன். நம் வீட்டுக் கதிரையும் மேசையும் அல்லவா அவை! யன்னல், அலுமாரி, சப்பாத்து என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை என்பதை நீங்கள் அறிவீர்கள். மொழி போர்த்துக்கேயம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஆனால் அம்மொழி வழங்கும் நாடுகள் பல. போர்த்துக்கல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கிழக்குத் தீமோர், கேப் வேர்ட் தீவுகள் என அவை நான்கு கண்டங்களிற் பரந்து கிடக்கின்றன. எனவே மணி அறிவிப்புக்காகக் காத்திருந்தேன். இலங்கையில் இரவு ஒன்பதரை மணி ஆனபோது, அறிவிப்பாளர் பிற்பகல் மூன்று மணி என்றார். நமது நேரம் கிரீனிச்சிலும் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது; அப்போது கிரீனிச்சில் நான்கு மணி. ஆகவே அந்நிலையத்தின் நேரம் கிரீனிச்சுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது. போர்த்துக்கேய மொழி வழங்கும் இடங்களுள் மார்கழியில் இந்நேரத்தைக் கொள்வன இரண்டே: போர்த்துக்கலுக்குரிய அசோரஸ் தீவுகள் ஒன்று, ஆபிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வேர்ட் தீவுகள் மற்றொன்று.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? அசோரஸ் தீவினர் பங்குனி மாதத்து இறுதி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பர். கேப் வேர்ட் தீவினருக்கு அவ்வழக்கம் இல்லை. ஆதலின் சித்திரை மாதம்வரை பொறுத்திருந்தேன். அன்றும் இலங்கையில் ஒன்பதரை ஆனபோது அறிவிப்பாளர் மூன்று மணி என்றே கூறினார். ஐயம் நீங்கிற்று, நிலையம் கேப் வேர்டினது. சில நாளில் மின்டெலோ என்னும் அந்நாட்டுத் துறைமுக நகரின் பெயரும் விளம்பரத்தில் வந்தது. ஜேர்மனி என்று எழுதிய வரியை வெட்டிவிட்டேன். ஒரு விளம்பரமும் இரண்டு மணி அறிவிப்புகளும் சொன்ன உண்மையை, அத்தனை எண்களும் சொல்லவில்லை.

இத்தகைய செவிச்சான்றுகள் இன்னும் உள. முஸ்லிம் மக்களுக்கான நிலையமாயின், மஃரிப் தொழுகைக்கான பாங்கொலி அவ்வூரின் சூரியன் மறையும் நேரத்தைக் காட்டும். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், அதிலிருந்து நெட்டாங்கை உத்தேசமாகக் கணிக்கலாம். நேபாளத்தின் நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தே முக்கால் மணித்தியாலம் முந்தியது. அத்தகைய கால் மணிக் கணக்கு உலகில் மிக அரிதாகலின், ஒரே மணி அறிவிப்பு நம்மை இமயத்துக்கு அழைத்துச் சென்றுவிடும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: இணையத்தில் ஒலி நம்மை அடையச் சிறிது தாமதமாகும். ஆகவே நிமிடத்தை நம்பலாம், செக்கனை நம்பலாகாது.

நிற்க. தவறாக இடம் குறிப்பதனால் என்ன தீங்கு விளைந்துவிடும் என்று நீங்கள் வினவலாம். என் குறிப்பேட்டில் இருந்த தவறு எவரையும் வருத்தவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வெளியான ஒரு செய்தியைக் கேளுங்கள். இணைய முகவரிகளுக்கு இடம் குறித்து விற்கும் ஒரு நிறுவனம், அமெரிக்காவுக்குரியது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளையெல்லாம் அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு புள்ளியிற் குறித்து வைத்தது. அகலாங்கு 38, நெட்டாங்கு 97 என முழு எண்ணாகத் திருத்திய அப்புள்ளி, கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் நிலத்தில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அவ்வீட்டின் மேல் ஏற்றப்பட்டன. இணையத்தில் ஏமாற்றப்பட்டவர்களும், காவற்றுறையினரும், காணாமற்போனாரைத் தேடியவர்களும் ஆண்டுக்கணக்காக அவ்வீட்டின் கதவைத் தட்டினர். அங்கே குடியிருந்தவர்கள் யாதொன்றும் அறியாத அப்பாவிகள். பின்னர் அந்நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது. 'அறியோம்' என்று எழுதவேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதியதால் வந்த வினை இது.

இன்னொரு தீங்கும் உண்டு. பெயர் கூறாதோரில் வேண்டுமென்றே மறைந்திருப்போரும் உளர் என்றேன். தம் நாட்டிற் பேச அஞ்சி, பிற நாட்டுக் கணினி வழியே பேசும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய மணி அறிவிப்பையும், யன்னலுக்கு வெளியே கேட்கும் புகைவண்டி ஓசையையும் கொண்டு அவரது தெருவையே நாம் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததை ஊரறியச் சொன்னால், நமக்குக் கிட்டுவது ஒரு கணநேரப் பெருமை. அவருக்கு நேர்வது யாதென்று யார் அறிவார்? நாட்டை அறிவது நேயரின் ஆர்வம். வீட்டை அறிவது நேயரின் தொழிலன்று.

ஆகவே, பெயரற்ற நிலையமொன்று அகப்படுமாயின், உங்கள் குறிப்பேட்டை மூன்று நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செவியாற் கேட்டதை முதலாம் நிரலிலும், அதிலிருந்து ஊகித்ததை இரண்டாம் நிரலிலும், நிலையத்தாரே உறுதிப்படுத்தியதை மூன்றாம் நிரலிலும் எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றோடு கலவாதீர்கள். நாளையும் நேரத்தையும் தவறாது குறியுங்கள். அவசியம் இது, ஏனெனில் இந்நிலையங்கள் நீர்க்குமிழி போன்றவை. வாடகை செலுத்தத் தவறினால் ஒரே இரவில் மறைந்துவிடும். அவை ஒலித்தன என்பதற்கு நேயரின் குறிப்பைத் தவிர வேறு சுவடு எஞ்சாமற் போகலாம்.

நான் கேட்ட அந்தக் கேப் வேர்ட் நிலையமும் அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஓய்ந்துவிட்டது. அதற்குக் கடிதம் எழுத எண்ணியிருந்தேன். முகவரி அறியுமுன்னரே அது மறைந்தது. அதன் பெயரை நான் இன்றளவும் அறியேன். என் குறிப்பேட்டில் மூன்றாம் நிரல் வெறுமையாகவே இருக்கின்றது. ஆயினும் முதலாம் நிரலில், இரவு ஒன்பதரை மணிக்கு எதிரே, கதிரையும் மேசையும் விற்ற ஒரு கடைக்காரரின் குரல் பதிவாகியிருக்கின்றது.