எதிரி விற்கும் எஞ்சின்

ஓட்டப் பந்தயத்திலே இருவர் ஓடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவருள் ஒருவன் பாதரட்சை தைப்பதிலும் வல்லவன். மற்றவனுக்கு வேண்டிய பாதரட்சையையும் அவனே தைத்துக் காசுக்கு விற்கிறான். விலையை எவ்வளவுதான் குறைத்தாலும் வாங்கியவனுடைய மனம் அமைதியடையுமா? தோல்வியுற்ற ஒவ்வொரு நாளும், தையலில் ஏதும் குறை இருந்திருக்குமோ என்ற ஐயம் அவனை அரித்துக்கொண்டேயிருக்கும். பெரும் பணம் புரளும் போர்முலா வன் மோட்டார்ப் பந்தயத்தின் நிலையும் இதுவே.

1950ஆம் ஆண்டில் உலகச் சம்பியன் போட்டியாகத் தொடங்கிய இப்பந்தயத்திலே, இன்றைய விதிப்படி ஒவ்வொரு குழுவும் தன் காரின் உடலைத் தானே அமைத்தல் வேண்டும். எஞ்சினை விலைக்கு வாங்கலாம். எஞ்சின் செய்வது எல்லோராலும் இயல்வதன்று. உலோகவியல், வெப்பவியல், எரிபொருள் இரசாயனம், மின்னியல் யாவும் அதிலே சேர்ந்திருக்கின்றன. ஆகவே நாலைந்து கம்பெனிகள் செய்ய, ஏனையோர் வாங்குகின்றனர். செய்பவருட் பலர் தாமும் பந்தயத்தில் ஓடுபவர் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை. 1966ஆம் ஆண்டில் எஞ்சினின் கொள்ளளவு ஒன்றரை லீற்றரிலிருந்து மூன்று லீற்றராக உயர்த்தப்பட்டது. அதுவரை ஆங்கிலக் குழுக்கள் பலவற்றுக்கு எஞ்சின் விற்றுவந்த கொவன்றி கிளைமாக்ஸ் கம்பெனி, புதிய எஞ்சின் செய்ய விரும்பாது ஒதுங்கிக்கொண்டது. லோட்டஸ் குழுவின் தலைவர் கொலின் சப்மன் பணம் தேடிப் படியேறி இறங்கினார். இறுதியிலே இங்கிலாந்துப் போர்ட் கம்பெனியைச் சேர்ந்த வோல்ரர் ஹேய்ஸ் கைகொடுத்தார். போர்ட் கொடுத்த தொகை ஓர் இலட்சம் பவுண். அதைக் கொண்டு கீத் டக்வேர்த் என்னும் பொறியியலறிஞர் தமது கொஸ்வேர்த் தொழிலகத்திலே எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். 1967 யூன் 4ஆம் திகதி ஒல்லாந்து நாட்டின் ஸான்ட்வூர்ட் ஓடுபாதையில் அது முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தது. வந்த அன்றே ஜிம் கிளார்க் அதனைக் கொண்டு வென்றார்.

அதன் பின் நடந்ததே எமது கவனத்துக்குரியது. வெற்றி தரும் எஞ்சினைத் தம் கைக்குள்ளேயே வைத்திருக்க எந்தக் குழுத் தலைவரும் ஆசைப்படுவார், அஃது இயல்பு. ஹேய்சோ வேறு விதமாகக் கணக்குப் பார்த்தார். எதிர்த்து ஓட ஆளில்லாத பந்தயத்தில் வெல்வதனாற் போர்ட்டின் பெயருக்கு என்ன பெருமை? 1968 முதல் ஏனைய குழுக்களுக்கும் அது விற்கப்பட்டது. விலை 7,500 பவுண். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. ஆயினும் தானே எஞ்சின் செய்யப் புகுந்தவனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அற்பமே.

இதனால் விளைந்தது என்ன? மர வியாபாரியான கென் டிரெல், தமது மரக்காலைக் கொட்டகையையே பந்தயத் தொழிலகமாக்கிக்கொண்டவர். அவருடைய ஓட்டியாகிய ஜாக்கி ஸ்ருவேர்ட் 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகச் சம்பியனானார். நெடுநாள் பணமுடையோடு போராடிய பிராங் வில்லியம்ஸ் 1979இலே முதல் வெற்றியையும் மறு ஆண்டிற் சம்பியன் பட்டத்தையும் கண்டார். இருவர் காரிலும் இருந்தது கொஸ்வேர்த் எஞ்சினே. 1983 வரை அந்த எஞ்சின் குடும்பம் ஈட்டிய வெற்றிகள் 155. எல்லாரும் ஒன்றையே ஓட்டினால் அது பந்தயமா என்று கேட்பார் உண்டு. இத்தாலியப் பெராரி அக்காலத்திலும் தன் எஞ்சினைத் தானே செய்து 1975, 1977, 1979 ஆம் ஆண்டுகளில் ஓட்டிகளுக்கான பட்டத்தைக் கொண்டுபோனதை அவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். வல்லவனுக்கு வழி அடைபடவில்லை. எளியவனுக்கும் வழி திறந்திருந்தது. விற்ற கொஸ்வேர்த்தோ பந்தயத்தில் ஓடவில்லை. எவர் வென்றாலும் அதற்கு இலாபமேயன்றி நட்டமில்லை.

பிரான்சின் றெனோ கம்பெனி 1977இலே டர்போ எஞ்சினைக் கொண்டுவந்தது. வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழலியொன்றைச் சுழற்றிக் காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குட் புகுத்தும் முறை அது. அடிக்கடி புகை கக்கி நின்ற அந்தக் காரை ஆங்கிலேயர் மஞ்சள் நிறத் தேநீர்க் கேத்தல் என்று நகைத்தனர். சில ஆண்டுகளில் நகைப்பு அடங்கிவிட்டது. பெருங் கம்பெனிகளின் காலம் பிறந்தது. 1988இலே நடந்த 16 பந்தயங்களுள் 15ஐ ஹொண்டா எஞ்சின் பூட்டிய மக்லாரன் வென்றது. மறு ஆண்டு டர்போ தடைசெய்யப்பட்டது.

அது மீண்டும் வந்தது 2014இலே. ஆறு சிலிண்டர், 1.6 லீற்றர், டர்போ. அதனோடு தடை பிடிக்கும்போது வீணாகும் சக்தியையும் புகையின் வெப்பத்தையும் மின்னாக மாற்றும் இரு கருவிகள். விஞ்ஞான மாணவர் வியந்து படிக்கத்தக்க பொறி அது. எரிபொருளிற் பெருஞ் சிக்கனம். ஆனால் விலையோ பழைய எஞ்சினிலும் மிக அதிகம். அவ்வாண்டு 19 பந்தயங்களுள் 16ஐ மேர்சிடிஸ் வென்றது. ஒக்டோபர் மாதத்திலே கட்டர்ஹாம், மருசியா என்னும் இரு சிறு குழுக்கள் கடன் சுமையால் நிருவாகிகளின் கைக்குப் போயின.

2015இலே சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம், ஒரு குழு ஓராண்டுக்கு வாங்கும் எஞ்சின்களின் விலை 1 கோடி 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படலாகாது என விதிக்க முயன்றது. பெராரி தனக்கு நெடுங்காலமாக உள்ள மறுப்புரிமையைப் பயன்படுத்தி அதனைத் தடுத்தது. தான் செய்த பொருளுக்கு விலை குறிக்கும் உரிமை வியாபாரிக்கு உண்டு என்பது அதன் வாதம். சந்தையிலே இந்த வாதம் செல்லும். வாங்குபவனும் விற்பவனும் மறு ஞாயிற்றுக்கிழமை ஒரே கோட்டில் நின்று புறப்படும் இடத்திலே செல்லுமா என்பது எமது ஐயம்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று, விலையை மட்டும் குறைப்பதாற் பயனில்லை என்பதைக் காட்டிற்று. 2010 முதல் 2013 வரை நான்கு ஆண்டுகளும் சம்பியனான ரெட்புல் குழு, பலங்குன்றிய றெனோ எஞ்சினை விட்டு வேறு தேடியது. அதனிடம் பணத்துக்குக் குறைவில்லை. எனினும் மேர்சிடிஸ் கொடுக்கவில்லை. பெராரியும் தன் புதிய எஞ்சினைக் கொடுக்க இசையவில்லை. வல்லவனான எதிரிக்கு வாள் விற்க யார்தான் முன்வருவர்? இறுதியில் றெனோ எஞ்சினையே வேறு பெயர் பொறித்து அக்குழு ஓட்டியது.

இதன் பின்னரே விதிகள் சற்று உரம் பெற்றன. எஞ்சின் கிடையாது தவிக்கும் குழுவுக்கு ஒருவர் கொடுத்தே தீரவேண்டும் என 2016இல் இணங்கினர். விலையும் சிறிது குறைந்தது. தன் காருக்குப் பூட்டும் அதே எஞ்சினை, அதே கணினிக் கட்டளைகளோடு, வாங்குவோருக்கும் கொடுத்தல் வேண்டும் என்பது 2018இல் வலியுறுத்தப்பட்டது. எமது மதிப்பில் எல்லாவற்றிலும் பெரிய சீர்திருத்தம் இதுவே. 2021இலே குழுக்களின் செலவுக்கு 14 கோடி 50 இலட்சம் டொலர் என எல்லை கட்டினர். எஞ்சின் செலவு அதற்குப் புறம்பானது. எஞ்சின் செய்வோருக்குத் தனி எல்லை 2023இல் வந்தது: ஆண்டுக்கு 9 கோடி 50 இலட்சம் டொலர்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் கையாளப்பட்டது. எஞ்சினை எவரும் மாற்றலாகாது என்று உறையவைத்தல். 2007இல் ஒரு முறை செய்தனர். 2022இல் மறு முறை. பணம் மிஞ்சும், உண்மை. ஆனால் உறையும் நாளில் முன்னே நின்றவன் முன்னேயே நிற்பான். பின்னே நின்றவன் திருந்த வழியில்லை.

பின்தங்கியவனைத் தூக்கிவிடுவதிலும் இரு முறைகள் உண்டு. பிரான்சிலே லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தின் முதல் வகுப்பிலே, ஒவ்வொரு காரின் நிறையையும் வலுவையும் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்துகின்றனர். அங்கே பெருங் கம்பெனிகள் பல வந்து கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் நன்கு படித்தவனின் புள்ளியை வெட்டி மற்றவனுக்கு இடுவது போன்ற இம்முறை, ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கு உவப்பாயில்லை. போர்முலா வன்னிலே 2026 முதல் வந்த விதி வேறு. குறித்த அளவுக்கு மேற் பின்தங்கிய எஞ்சினைச் செய்தவர், மற்றவர்க்கு இல்லாத மேலதிகத் திருத்தங்களைச் செய்யலாம். இது மேலதிக வகுப்பு, மேலதிகப் புள்ளியன்று. படித்துத் தேறுவது அவரவர் பொறுப்பு.

வாங்கியவன் விற்றவனை வெல்வது இன்று வெறுங் கனவன்று. 2024இலும் 2025இலும் குழுக்களுக்கான பட்டத்தை மக்லாரன் வென்றது. அதன் எஞ்சின் மேர்சிடிசிடம் வாங்கியது. மேர்சிடிசின் சொந்தக் குழு பின்னே நின்றது.

றெனோவின் கதை வேறாக முடிந்தது. செய்யும் செலவு மிகுதி, வாங்கினாற் குறைவு என்று கணக்குப் பார்த்த அக்கம்பெனி, தொழிலாளர் எதிர்த்தும், 2025 முடிவோடு தன் போர்முலா வன் எஞ்சின் வேலையை நிறுத்தியது. 1977இல் டர்போவைக் கொண்டுவந்து நகைப்புக்கு ஆளாகி, பின்னர் உலகையே தன் வழிக்குத் திருப்பிய அதன் சொந்தக் குழுவாகிய அல்பின், 2026 முதல் ஓடுவது மேர்சிடிஸ் எஞ்சினைக் கொண்டு.