சேலத்து வெள்ளைக்கல்

டீ ஆறட்டும் தம்பி, அவசரமில்லை. போர் ஒரு நாட்டை எப்படி வல்லரசாக்குகிறது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதில் ஏற்காட்டு அடிவாரத்திலேயே கிடக்கிறது. ஓமலூர் பக்கம் போகும்போது வெளுத்துத் தெரியுமே கரடுகள், அந்த வெள்ளைக்கல்தான். புத்தகத்தில் மேக்னசைட் என்பார்கள். அந்தப் பெயரில் நம்மூரில் ரயில் நிலையமே உண்டு.

இரும்புத் தாதுவில் பாஸ்பரஸ் இருந்தால் எஃகு நொறுங்கும். அதை நீக்க உலையில் சுண்ணாம்பு போடுவார்கள். சுண்ணாம்போ உலையின் சாதாரணச் செங்கலையும் சேர்த்துத் தின்றுவிடும். வெள்ளைக்கல்லைச் சுட்டுச் செய்த செங்கல் அதற்கு அசையாது. உலையில் எஃகு உருகிக் கிடப்பது 1,600 டிகிரி வாக்கில். இந்தச் செங்கலின் சரக்கு உருக 2,800 டிகிரி வேண்டும். பீரங்கியோ கப்பலோ, எஃகில் செய்வதில் பெரும்பாலானவை முதலில் இப்படி ஓர் உலையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

1914-க்கு முன் இந்தக் கல்லை உலகத்துக்குப் பெருமளவு கொடுத்தது ஆஸ்திரியா. போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அமெரிக்காக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சொந்தச் சுரங்கம் திறந்தான். 1913-ல் சுமார் 3 கோடி டன் எஃகு செய்த நாடு 1917-ல் சுமார் 4.5 கோடி டன் செய்தது. ஐரோப்பாவிடம் கடன்பட்டிருந்த நாடு, போர் முடிந்தபோது ஐரோப்பாவுக்கே கடன் கொடுத்த நாடாக நின்றது.

நம்மிடம் கல் இல்லையா? அப்போதே வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கஞ்சமலையில் இரும்பும் இருந்தது. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரத் துரை பரங்கிப்பேட்டையில் உலை வைத்ததே சேலத்துத் தாதுவை நம்பித்தான். அது நிலைக்கவில்லை. முதல் உலகப் போரில் பேர் வாங்கியது டாடாவின் எஃகு ஆலை இருந்த சாக்சி. மெசபடோமியா ரயில்பாதைக்கு அந்த ஆலை தண்டவாளம் கொடுத்தது. 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு நேரில் வந்து ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார். உலை இருந்த ஊருக்குப் பெயர், கல் இருந்த ஊருக்குப் பள்ளம். அந்தத் தண்டவாளமும் யாருடைய சாம்ராஜ்யத்தைத் தாங்கியது என்பது வேறு விஷயம்.

சுதந்திரத்துக்குப் பிறகாவது? சேலம் உருக்காலை 1981-ல் ஓடத் தொடங்கியபோது எஃகு வெளியூரிலிருந்து சுருளாக வரும், இங்கே மெல்லிய தகடாக உருட்டுவார்கள், அவ்வளவுதான். சொந்தமாக உருக்கும் பிரிவு 2010-ல்தான் வந்தது.

2019-ல் தொடங்கிய ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் உள்ள ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. இங்கே துப்பாக்கி செய்வார்களா, ட்ரோன் செய்வார்களா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதற்கான உலோகத்தை எங்கே உருக்குவார்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.