உங்களுக்குத் தெரியுமா? கடைசல் உளியும் சாணைக்கல்லும்

திருவொற்றியூரில் அஜாக்ஸ் என்றால் எல்லாருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். உப்புத்தாள் தயாரித்த பழைய கம்பெனி ஒன்றின் பெயர் அது. சற்று வடக்கே போனால் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் விம்கோ நகர். உரசலை நம்பிப் பிழைத்த பகுதி என்று தாராளமாகச் சொல்லலாம்.

*

நம்மூர்ப் பட்டறைகளில் சுழலும் சாணைச் சக்கரங்களுக்கும் திருவொற்றியூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முருகப்பா குழுமம், அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனி, பிரிட்டனின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி ஆகிய மூன்றும் கைகோத்து 1954-ல் தொடங்கியதுதான் கார்போரண்டம் யுனிவர்சல். அதன் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. சக்கரத்துக்கு வேண்டிய துகளைக் கேரளத்தில் மின் உலையில் உருக்குகிறார்கள். அதற்கான மின்சாரத்துக்காகப் பத்தனம்திட்டா மாவட்டம் மணியாறில் 12 மெகாவாட் நீர்மின் நிலையமும் கட்டிக்கொண்டார்கள்.

*

அந்தத் துகள், அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அதுவே குருந்தக்கல். பழைய சேலம் மாவட்டத்தில், இன்றைய நாமக்கல்லின் சித்தம்பூண்டிப் பாறைகளில் கிடைக்கிறது. அந்தக் காலத்துச் சாணைக்காரர்கள் குருந்தப் பொடியை உருக்கிய அரக்கில் குழைத்துச் சக்கரம் வார்த்தார்கள். அம்பாசமுத்திரம் மரச்செப்புக்குக் கடைசலிலேயே பளபளப்பு ஏற்றுவதும் அரக்குதான். (சித்தம்பூண்டிப் பாறைக்கு இன்னொரு பெருமை: சந்திரயான் 2-க்காக இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது அதைப் பொடித்துத்தான்.)

*

கடைசல்காரருக்கு மட்டும் ஏன் அடிக்கடி சாணை தேவைப்படுகிறது? 100 மி.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், உளி முனையை ஒரு நிமிடத்தில் சுமார் 470 மீட்டர் மரம் கடந்து போகிறது. பத்து நிமிடம் கடைந்தால் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து டோல்கேட் வரைக்குமான தூரம். இழைப்புளி பிடிக்கும் தச்சர் ஒரு நாள் முழுக்க இழைத்தாலும் அவ்வளவு ஓடுமா என்பது சந்தேகம்.

*

சக்கரத்தின் மேல் ஒட்டியுள்ள தாளைக் கிழித்துப் போடாதீர்கள், அதன் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. ‘ஏ 60 கே 5 வி’ என்றால்: ஏ, அலுமினியம் ஆக்சைடு. 60, துகளின் பருமன். கே, துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கும் இறுக்கம். 5, துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி. வி, சூளையில் சுட்ட களிமண் பிணைப்பு.

இறுக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடினமான எஃகுக்கு இளகிய சக்கரம், மிருதுவான எஃகுக்கு இறுகிய சக்கரம் என்பதே கணக்கு. கடினமான உளியைத் தேய்க்கும்போது துகள் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியது உதிர்ந்து, அடியிலிருந்து புதுத்துகள் தலை காட்ட வேண்டும். உதிராத சக்கரம் கண்ணாடி போலப் பளபளத்து, வெட்டாமல் சூடு மட்டும் கிளப்பும். பெஞ்ச் கிரைண்டரோடு கூட வரும் சாம்பல் நிறச் சக்கரம் பெரும்பாலும் இந்த ரகம். மெஷினை மாற்றுவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு இளகிய வெள்ளைச் சக்கரம் போட்டுப் பாருங்கள்.

*

சாதாரண ஆறு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்று. மோட்டாரில் நான்கு துருவம் இருந்தால் 1,440. கடைசல் உளிக்கு எட்டு அங்குலச் சக்கரமும் 1,440 சுற்றும் போதும். கை பதறாது, உளியும் வீணாகாது.

*

வட சென்னைப் பட்டறைகளைச் சுற்றி இரும்புக்குப் பஞ்சமில்லை. பழைய அரம், பவர் ஹாக்ஸா பிளேடு என்று எதையாவது காயலான் கடையில் வாங்கி உளியாக்கலாம் என்று தோன்றும். என்ன எஃகு என்பதைச் சாணையின் பொறியே சொல்லிவிடும். வெளிர் மஞ்சளாகப் பூப்பூவாக வெடித்துச் சிதறினால் கார்பன் எஃகு. மங்கிய சிவப்பில், வெடிக்காமல், கீற்றாக ஓடினால் ஹைஸ்பீடு எஃகு. முன்னதன் முனை நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. அந்த நீலத்தைத் தேய்த்தே எடுக்க வேண்டும். பின்னது 500 டிகிரி சூட்டையும் தாங்கும். ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் முனையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். அரத்தை மட்டும் அப்படியே உளியாக்கவே வேண்டாம். கட்டை இடறினால் படக்கென்று ஒடிந்து முகத்துக்கு வரும்.

*

விலை உயர்ந்த மெஷினைவிட முக்கியமானது, உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக். கிண்ணம் கடையும் குழிவு உளியான கௌஜின் முனை நேர்கோடல்ல. நகம் போல வளைந்து, இரு பக்கமும் இறக்கையாகப் பின்னோக்கி ஓடும். கையால் பிடித்தால் இன்றைய வளைவு நாளை வராது. ஒவ்வொரு முறையும் சரிவு முழுவதையும் புதிதாகத் தேய்க்க வேண்டியிருக்கும். ஓராண்டு வர வேண்டிய உளி ஆறே மாதத்தில் கட்டையாகிவிடும்.

உளி ஜிக்குக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை ஒருமுறை முடிவு செய்யுங்கள். ஒன்றே முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை மேஜை விளிம்பில் ஆணியடித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்து, உளியின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கரண்ட் போடாமல் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று உருட்டுங்கள். நுனியில் மட்டும் மை போனால் கோணம் கூடிவிட்டது. அடியில் மட்டும் போனால் குறைந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் போனால் சுவிட்சைப் போடலாம். நாலைந்து விநாடி உரசலில் வேலை முடிந்துவிடும்.

*

தண்ணீர்ச் சாணை? ஸ்வீடனின் டார்மெக் 1973-லிருந்து அதைச் செய்கிறது. 250 மி.மீ. கல், நிமிடத்துக்கு வெறும் 90 சுற்று. சூடே ஏறாது. இழைப்புளித் தகட்டுக்கும் சமையலறைக் கத்திக்கும் அருமை. புது கௌஜுக்கு வடிவம் கொடுக்க அதைப் பிடித்தால் பொறுமை போய்விடும். கடல் காற்றில் ஈர உளியைத் துடைக்காமல் வைத்தால் காலையில் துரு நிற்கும். கல்லைத் தண்ணீரிலேயே ஊறவிட்டால் ஒரு பக்கம் கனத்து ஆட்டம் காணும்.

*

வைரம் எல்லாவற்றையும் வெட்டும், ஆனால் சுழலும் வைரச் சக்கரத்துக்கு எஃகு ஆகாது. சூட்டில் வைரத்தின் கார்பனை இரும்பு கரைத்துக்கொள்ளும். அதனால்தான் சிபிஎன். 1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கனசதுரப் படிகப் போரான் நைட்ரைடு அது. உலோகச் சக்கரத்தின் மேல் பூசப்படுவதால் விட்டம் தேயாது, ஜிக் அளவும் மாறாது. தினமும் கடைபவருக்குப் போட்ட காசு திரும்பும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைபவருக்கு வெள்ளைச் சக்கரமே போதும்.

*

புதுச் சக்கரத்தை மாட்டுவதற்கு முன் துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் மாட்டலாம். பொத்தென்றால் உள்ளே விரிசல், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.