வெட்டிய பிளாக் ஏன் திரும்பி வருகிறது?

வளையமாதேவி பள்ளி மாணவர் ஒருவரின் கேள்வி: "மைன்கிராஃப்டில் நண்பர்களோடு ஆடும்போது, நான் வெட்டிய பிளாக் மறைந்துபோய் உடனே அதே இடத்தில் வந்து நிற்கிறது. நெட் கோளாறா, போன் கோளாறா?"

பல நேரங்களில் இரண்டும் இல்லை. சர்வர் திணறுகிறது, அவ்வளவுதான். நண்பர் ஒருவரின் போனே சர்வராக இருந்தாலும் கதை இதுதான்.

உங்கள் திரையில் இருப்பது உலகத்தின் நகல். அசல் சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் பதிலுக்காகக் காத்திருந்தால் ஆட்டம் இழுவையாகிவிடும். அதனால் உங்கள் போன் தானே முடிவெடுத்து பிளாக்கை அழித்துக் காட்டிவிட்டு, சர்வருக்கும் சேதி அனுப்புகிறது. சர்வர் மறுத்தால் படத்தைத் திருத்திக்கொள்கிறது. மளிகைக்கடைக் கடன் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "கடைசிப் பால் பாக்கெட் எனக்கு" என்று நம் வீட்டு நோட்டில் எழுதிவிட்டுக் காபிக்கு அடுப்பும் பற்றவைத்துவிடுகிறோம். கடைக்காரர் அதை எதிர்வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அவர் நோட்டுதான் செல்லும். அடுப்பை அணைக்க வேண்டியதுதான். சர்வர் என்னும் இந்தக் கடைக்காரரோ நொடிக்கு 20 முறை நோட்டைப் புரட்டுகிறார்; ஒவ்வொரு புரட்டலும் ஒரு 'டிக்'. எல்லா வீட்டுக் கணக்கோடு, கடைப் பூனை எங்கே நிற்கிறது, வாசல் செடி எவ்வளவு வளர்ந்தது என்பதையும் 50 மில்லிநொடிக்குள் எழுதியாக வேண்டும்.

மோட், அதாவது ஆட்டத்தில் நாமே சேர்க்கும் நிரல், அதே நோட்டில் கூடுதலாக ஒரு பத்தி. அதற்கென்று தனி நேரம் கிடையாது. ஒரு புரட்டலுக்கு 70 மில்லிநொடி பிடித்தால் நொடிக்கு 14 முறைதான் நடக்கும். பிளாக் உடைய எத்தனை டிக் ஆக வேண்டும் என்று சர்வரும் தனியாக எண்ணுகிறது. போன் எண்ணி முடித்தபோது சர்வர் இன்னும் முடிக்கவில்லை. பிளாக் திரும்பி வந்துவிடுகிறது.

போன் முந்திக்கொள்ளும் இந்த உத்தி பழையது. 1996-இல் நிரலாளர் ஜான் கார்மாக், டயல்அப் இணைப்புக்காரர்களுக்காக குவேக்வேர்ல்ட் ஆட்டத்தில் புகுத்தினார்.

மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் 2025 அக்டோபரில், கணினிக்கான ஜாவா பதிப்பின் நிரலை இனிக் குழப்பி மறைக்கப் போவதில்லை என்று அறிவித்தது. மோட் எழுதுவோருக்கு உண்மையிலேயே நல்ல சேதி. ஆனால் சர்வர் மேம்பாடு என்றாலே "லேக் இல்லாத ஆட்டம்" என்று கிளம்பும் விளம்பரத்தை நம்பாதீர்கள். சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், போய்வர அந்தக் கேபிளில் மட்டுமே 32 மில்லிநொடி. எந்த அப்டேட்டும் இதைக் குறைக்காது.

போன் பதிப்பிலும் ஜாவாஸ்கிரிப்டில் மோட் எழுத அதிகாரபூர்வ வசதி இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய சேதி. 2023 ஜூலையில், நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கி, நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டிய ஊர் வளையமாதேவி. அந்த மண்ணின் அடியில் நடப்பதை அங்குள்ள பிள்ளைகளே ஆட்டத்தில் செய்து பார்க்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் வெட்ட முடியும். இல்லாவிட்டால் அடித்தரை பிளந்து நீர் மேலேறும்.

தம்பி, இதை மோடாக எழுதும்போது ஒவ்வொரு டிக்கிலும் எல்லா நிலக்கரி பிளாக்கையும் சோதிக்காதீர்கள். ஒரு சங்க்கில் (16×16 பிளாக் பரப்பு) பத்து அடுக்கு என்றாலே 2,560 பிளாக். நொடிக்கு 51,200 சோதனை. யாராவது ஒரு பிளாக்கை உடைக்கும்போது மட்டும், அதன் கீழே எத்தனை அடுக்கு மிச்சம் என்று பாருங்கள். இரண்டுக்குக் குறைந்தால் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.