மரணக் கொட்டடியிலிருந்து பாராளுமன்றத்துக்கு

சட்டம் பயின்றோர் பலர்; சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதைச் செயற்படுத்துமாறு கேட்டமைக்காக மரணதண்டனை பெற்றவரோ மிகச் சிலர். உக்ரேன் நாட்டுச் சட்டத்தரணி லெவ்கோ லுக்கியானென்கோ அச்சிலருள் ஒருவர்.

வட உக்ரேனிலே, செர்னிஹிவ் பகுதியைச் சேர்ந்த கிராமமொன்றில், 1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதி அவர் பிறந்தார். 1932-33ஆம் ஆண்டுகளில் அந்நாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது அவர் சிறு பாலகன். இளமையிலே செஞ்சேனையில் பணி புரிந்தபின், மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். பின்னர் மேற்கு உக்ரேனின் லிவிவ் பகுதியிலே சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார்.

அக்காலச் சோவியத் அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு, ஒன்றியத்தினின்றும் பிரிந்து செல்லும் உரிமை ஒவ்வொரு குடியரசுக்கும் உண்டு எனக் கூறியது. அது ஏட்டுச் சுரைக்காய் என்பதை யாவரும் அறிவர். லுக்கியானென்கோ அதனைக் கறிக்குக் கேட்டார்! சாசனம் தந்த உரிமையை அமைதியான முறையிலே கோருவது எங்ஙனம் குற்றமாகும் என்பதே அவர் எழுப்பிய வினா. 1959இல் நண்பர் சிலருடன் உக்ரேனியத் தொழிலாளர் விவசாயிகள் சங்கத்தை இரகசியமாக அமைத்தார்.

1961 ஜனவரியில் அவர்கள் கைதாயினர். மே மாதத்தில், பொதுமக்களை அனுமதியாது நடந்த விசாரணையின் முடிவில், தேசத்துரோகி என அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. எழுபது நாட்களுக்கு மேலாகக் கொட்டடியிலே சாவை எதிர்நோக்கியிருந்தார். அதன்பின் அத்தண்டனை 15 ஆண்டுச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்டோருள்ளும் சட்டம் பயின்றோர் இருந்தமையால், இது 'சட்டத்தரணிகள் வழக்கு' எனப் பெயர் பெற்றது.

1976இல் சிறை மீண்டவர் வாளாவிருந்தாரா? இல்லை. மனித உரிமைகளை மதிப்பதாக 1975இல் ஹெல்சிங்கியிலே சோவியத் அரசு ஒப்பமிட்டிருந்தது. அவ்வாக்குறுதி காக்கப்படுகின்றதா எனக் கண்காணிக்க 1976 நவம்பரில் தோன்றிய உக்ரேனிய ஹெல்சிங்கிக் குழுவின் ஸ்தாபகருள் அவரும் ஒருவரானார். அடுத்த ஆண்டே மீண்டும் கைதாகி, 10 ஆண்டுச் சிறையும் 5 ஆண்டு நாடுகடத்தலும் பெற்றார். 1988இல் விடுதலையானபோது அவருக்கு வயது 60. வாழ்நாளில் 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலும் முகாமிலும் கழிந்துவிட்டன.

1990இல் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1991 ஆகஸ்டில் மொஸ்கோவிலே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டதும், சுதந்திரப் பிரகடனத்தின் நகலைத் தம் கைப்பட எழுதியவர் அவரே. ஆகஸ்ட் 24ஆம் திகதி 346 வாக்குகளால் அது நிறைவேறியது. அன்று அவருக்கு 63ஆவது பிறந்த நாள்! டிசம்பர் முதலாம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அப்பிரகடனத்தை ஆதரித்தனர்.

அதே நாளில் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலே அவர் மூன்றாம் இடமே பெற்றார். பின்னர் கனடாவுக்கான முதலாவது உக்ரேனியத் தூதுவராகவும், மீண்டும் பாராளுமன்ற அங்கத்தவராகவும் பணி புரிந்தார். முதுமையில் யூத மக்களைப் பற்றி அவர் கூறியவை கண்டனத்துக்கு இலக்காயின. அம்மாசினை மறைப்பது முறையன்று. 2018 ஜூலை 7ஆம் திகதி, 89ஆம் வயதில் அவர் காலமானார்.

ஏட்டில் உறங்கும் உரிமை தானாக விழிப்பதில்லை. அதனைத் தட்டியெழுப்புவோர் விலை கொடுக்கவேண்டியிருக்கும். சட்டம் பயிலும் மாணவர்க்கு அவர் வாழ்வு கூறும் பாடம் இதுவே.