வீடு மாறும்போது வளர்ப்பு விலங்குகள்

பெற்றோரின் பணியிட மாறுதலால் தமிழகத்திலிருந்து கொல்கத்தாவுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் பல. பாத்திரங்களும் நூல்களும் பெட்டிகளில் அடுக்கப்படும்போது, வீட்டில் வளரும் நாயையும் பூனையையும் என்ன செய்வது என்னும் வினா எழுகிறது. அவற்றைத் தெருவில் விட்டுச் செல்வோரும் உளர். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய நாய்க்குத் தெருவில் இரைதேடத் தெரியாது. அங்குள்ள நாய்களும் அதனைத் துரத்தும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பயணம்

சென்னைக்கும் ஹவுராவுக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 1660 கிலோமீட்டர். தொடர்வண்டியில் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். நாயை அழைத்துச் செல்ல இரு வழிகள் உள்ளன. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் முன்பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில், கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். இதற்கு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து கட்டணம் செலுத்துதல் வேண்டும். தடுப்பூசிச் சான்றும், கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்றும் கையில் இருத்தல் நன்று. வழியில் உணவும் நீரும் தருவது வளர்ப்பவரின் பொறுப்பாகும். வண்டி ஏறுவதற்குச் சற்று முன் வயிறு நிறைய உணவளித்தல் கூடாது. குலுக்கத்தால் வாந்தி வரக்கூடும்.

புதிய இல்லம்

வீடு மாறுவதன் காரணம் மனிதருக்குத் தெரியும், விலங்குக்குத் தெரியாது. நாய் உலகைப் பெரிதும் மோப்பத்தால் அறிகிறது. ஆதலால் அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கொண்டுவந்து புதிய வீட்டில் விரித்தல் வேண்டும். உணவு தரும் நேரத்தையும் உலவச் செல்லும் நேரத்தையும் மாற்றுதல் ஆகாது. தெருவெங்கும் வங்கமொழி ஒலித்தாலும், 'வா', 'உட்கார்' என அது பழகிய தமிழ்ச் சொற்களாலேயே அழைத்தால் அச்சம் தணியும். காளி பூசை இரவில் வெடியோசை மிகும். அப்போது சாளரங்களை அடைத்து, அதன் அருகில் ஒருவர் அமர்ந்திருத்தல் நலம்.

பூனை இடத்தோடு மிகுந்த பற்றுடையது. வந்த நாளிலேயே வெளியே விட்டால், பழைய வீட்டைத் தேடி அலைந்து வழி தவறும். முதல் சில நாள்கள் ஓர் அறையில் வைத்துப் பழக்கிய பின்னரே மற்ற அறைகளைக் காட்டுதல் வேண்டும்.

அலிப்பூரின் பேராமை

இடம் மாறிய உயிர் நெடுங்காலம் நலமுடன் வாழக்கூடும் என்பதற்குக் கொல்கத்தாவிலேயே சான்று உண்டு. 'அத்வைதா' என்னும் ஆண் ஆமை, இந்தியப் பெருங்கடலிலுள்ள அல்டாப்ரா தீவின் பேராமை இனத்தைச் சார்ந்தது. இராபர்ட் கிளைவ் வளர்த்த ஆமைகளுள் ஒன்றெனக் கூறப்படும் இது, முன்பு பாரக்பூரில் வாழ்ந்தது. 1876இல் அலிப்பூர் உயிரியல் பூங்கா திறக்கப்பட்ட காலத்தையொட்டி அங்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 250 கிலோகிராம் எடையுள்ள அதற்கு ஊறவைத்த கடலையும், தவிடும், கேரட்டும், புல்லும் உணவாயின. ஆட்சி மாறியது, உணவூட்டிய பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினர், பராமரிப்பு மட்டும் நிற்கவில்லை. புதிய இல்லத்தில் ஏறத்தாழ 130 ஆண்டுகள் வாழ்ந்த அத்வைதா, 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இறந்தது.

வளர்ப்பு விலங்கை உடன் அழைத்துச் செல்ல எல்லாராலும் இயலாது. இயலாதோர், அதனை அன்புடன் காக்கும் ஒருவரை முன்கூட்டியே தேடி, அவரோடு சில நாள்கள் பழகவிட்டு ஒப்படைத்தல் வேண்டும். வளர்த்த உயிருக்கு ஒரு வீட்டை உறுதி செய்த பின்னரே, பழைய வீட்டின் கதவைப் பூட்டுதல் முறையாகும்.

அருஞ்சொற்பொருள்

சாளரம் – சன்னல்
மோப்பம் – முகர்ந்து அறிதல்
உலவுதல் – மெல்ல நடத்தல்

சிந்தித்து எழுதுக

1. நாயின் பழைய துணியைத் துவைக்காமல் கொண்டுவருவது ஏன்?
2. நாயும் பூனையும் புதிய வீட்டுக்குப் பழகும் முறையில் உள்ள வேறுபாடு யாது?
3. நீங்கள் கொல்கத்தாவுக்கு வந்தபோது உடன் கொண்டுவர இயலாதது எது? ஐந்து வரிகளில் எழுதுக.