தாத்தா ரயில் பேரனுக்கு ஓடுமா?
துருவோடு மல்லுக்கட்டு!

அமெரிக்காவில் 1900-ல் தொடங்கிய 'லயனல்' கம்பெனியின் பழைய பொம்மை ரயில்கள் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. எடுத்து ஓட்டலாம் என்றால் தண்டவாளம் முழுக்கத் துரு! வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு அது. பூச்சு போச்சு, துரு வந்தாச்சு.

இரும்பு நாரால் தேய்த்தால் கதை கந்தல். உதிரும் தூள், கரண்ட் வரும் நடுக்கம்பியையும் ஓரக்கம்பியையும் தொட்டு 'ஷார்ட்' ஆக்கும். என்ஜின் மோட்டாருக்குள்ளும் புகும். பாத்திரம் துலக்கும் பச்சை நாரே போதும். தண்டவாளங்களை இணைக்கும் ஊசி துருப்பிடித்திருந்தால் குறடால் பிடுங்கிப் புதுசு செருக வேண்டும்.

பாதை மாற்றும் 'பாயிண்ட்'தான் பெரிய தலைவலி. அடிமூடியைக் கழற்றி, இறுகிய கிரீசைத் துடைக்க வேண்டும். நாக்கு இருபக்கமும் 'டக்' என்று விழுந்தால் பிழைத்தது.

தகட்டையே துரு அரித்து ஓட்டை போட்டிருந்தால்? எடைக்குத்தான்!